தீப்பெட்டியைத் திறக்காதீர்கள்!

ஐயோ, அந்தத் தீப்பெட்டியைத் திறக்காதீர்கள்! சொல்லிக்கொண்டே இருக்கிறேன், விரலை வைத்துவிட்டீர்களே. உள்ளே குச்சி இல்லை. இன்று காலை ஒரு பையன் குத்தவைத்து உட்கார்ந்து, வெளியே அம்மா "ஆச்சா, ஆச்சா?" என்று கதவைத் தட்டத் தட்ட, முக்கி முக்கிப் போட்ட சமாசாரம் இருக்கிறது. சுண்டைக்காய் அளவுதான். காகிதத்தில் பொதிந்து பெட்டிக்குள் தள்ளி, மேலே பெயரும் வகுப்பும் எழுதியிருக்கிறார்கள். பெட்டியின் படத்தைப் பாருங்கள், எவ்வளவு அழகான கொக்கு!

இது 1955, ஜூன் முதல் வாரம். டோக்கியோவின் ஓரத்தில், வீடுகள் முடிந்து முட்டைக்கோஸ் தோட்டங்கள் தொடங்குகிற இடத்தில் ஒரு தொடக்கப் பள்ளி. பள்ளியும் பிள்ளைகளும் டீச்சரும் என் கற்பனை. பெட்டியும் வாடையும் நிஜம். போருக்குப் பிந்தைய ஜப்பானில் படித்தவர்கள் பழங்கதை பேச உட்கார்ந்தால் இந்தத் தீப்பெட்டி எப்படியும் நடுவில் வந்துவிடும். ஆகவே கால எந்திரம் இல்லாமலே உங்களை இங்கே கூட்டி வந்துவிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள். இந்த ஊர்ப் பள்ளியில் வெளிச்செருப்போடு உள்ளே கால் வைத்தால் முதல் வகுப்புப் பொடிசுகூட நம்மை விரட்டும்.

வாசலில் பெரிய மர மாடம், வரிசை வரிசையாகச் செருப்பு வைக்கும் அறைகள். அதன் பின்னால் மூன்று பையன்கள் குனிந்து என்னவோ செய்கிறார்கள். சத்தம் போடாமல் எட்டிப் பார்ப்போம்.

"மறந்துட்டேன்டா. சென்செய் திட்டுவாங்க. உன்னோடதுல கொஞ்சம் குடு." ('சென்செய்' என்றால் டீச்சர்.)

"எனக்கும் காலைல வரவே இல்லை."

மூன்றாமவன், வசதி படைத்தவன், தன் கொக்குப் பெட்டியைத் திறக்கிறான். ஒரு சுள்ளியால் மூன்று பங்கு. பாகப்பிரிவினை சுமுகமாக முடிந்து, இரண்டு காலிப் பெட்டிகளில் புதிதாகப் பெயர் எழுதப்படுகிறது. நானும் நீங்களும் எதையும் பார்க்கவில்லை. சரிதானே?

வகுப்பறையில் அதற்குள் வேறொரு கூத்து. எல்லாப் பெட்டிகளும் ஒரு மரப்பெட்டியில் சேர்ந்துவிட்டன. அதை நர்ஸ் டீச்சர் அறைக்குத் தூக்கிப் போக வேண்டும். வகுப்புத் தலைவனுக்கே அந்தக் கௌரவம் வேண்டாமாம். "ஜான், கென், பொன்!" என்று கல்-காகிதம்-கத்தரி போட்டுப் பார்க்கிறார்கள். தோற்றவன் முகத்தை ஒருபுறம் திருப்பிக்கொண்டு, கை இரண்டையும் முழுசாய் நீட்டி, சாமி புறப்பாடு மாதிரி தாழ்வாரத்தில் நடக்கிறான். எதிரே வருகிறவர்கள் சுவரோடு சுவராய் ஒட்டிக்கொள்கிறார்கள்.

அவன் போகட்டும். இங்கே காலைச் சோதனை ஆரம்பிக்கிறது. சோதனை போடுவது டீச்சர் என்றா நினைத்தீர்கள்? சுகாதாரப் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளேதான். கையில் ஒரு தாள், காதில் ஒரு பென்சில், முகத்தில் போலீஸ் களை. எல்லாரும் மேஜை மேல் இரண்டு கையையும் விரித்து வைக்க வேண்டும். பக்கத்தில் கைக்குட்டை, அதன் பக்கத்தில் மூக்குச் சிந்தும் காகிதம். நகம், கைக்குட்டை, காகிதம் மூன்றுக்கும் வட்டம் அல்லது பெருக்கல் குறி. ஜப்பானில் வட்டம்தான் 'சரி'. நம்மூர்ப் பரீட்சைத் தாளில் தப்புக்குச் சுழிப்போமே, அதற்கு நேர் தலைகீழ்.

கடைசி பெஞ்சைப் பாருங்கள். மேஜைக்குக் கீழே ஒருவன் அவசரம் அவசரமாக நகத்தைக் கடித்துத் துப்புகிறான். சோதனைக்காரி மூன்று வரிசை தள்ளித்தான் இருக்கிறாள், எட்டு விரல் முடித்துவிடலாம். நடு வரிசையில் ஒரே கைக்குட்டை முதுகுப்புறமாய் நான்கு பேரிடம் போய்வருகிறது. நாலாவது ஆளிடம் அதே நீலக் கட்டத்தைப் பார்த்ததும் அந்தப் பெண் ஒரு நொடி நிற்கிறாள். பிறகு வட்டம் போட்டுவிட்டு நகர்கிறாள். நாளைக்கு அவளும் மறப்பாள் அல்லவா!

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பெண்ணிடம் இரண்டு கைக்குட்டைகள். பட்டுப்போல் மடித்துத் தேய்த்த ஒன்று காட்டுவதற்கு. கசங்கி ஈரமாய்ப் பாவாடைப் பையில் கிடப்பது துடைப்பதற்கு. காட்டுகிற கைக்குட்டையைப் பிரித்ததே கிடையாது. வீட்டுக்கு ஒரு விருந்தாளித் தட்டு இருப்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். நம் பாட்டி அலமாரியில் இருந்த பீங்கான் கோப்பைகள் உங்களுக்கும் ஞாபகம் வருகிறதா?

இந்தச் சோதனையில் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. மேஜை வெறுமையாய் இருந்தால் அது மறதியா, வீட்டில் துணியே இல்லையா என்று தாளில் இருக்கும் பெருக்கல் குறிக்குத் தெரியாது. போர் முடிந்து பத்து வருஷம்தான் ஆகிறது. ஜன்னலோரம் இருக்கும் பையனுக்கு இந்த வாரம் மூன்று பெருக்கல் குறி. அவன் சிரித்துக்கொண்டேதான் இருக்கிறான், ஆனால் கையை மட்டும் மேஜைக்குக் கீழே இழுத்துக்கொண்டான்.

வாருங்கள், நாம் வந்ததே இந்த அறைக்குத்தான். தாழ்வாரத்தின் கடைசி. கதவைத் திறந்ததுமே லைசால் நெடி. ஒரு கட்டில், வெள்ளை எனாமல் பேசின், மூடியில்லாத பஞ்சு ஜாடி, காதறுந்த கோப்பையில் தெர்மாமீட்டர்கள். சுவர் முழுக்கப் படம்: அழுகிற பல், சிரிக்கிற பல், பூதாகாரமான ஈ. பூச்சாடிக்குப் பக்கத்தில் எடைக் கருவி. அதன் மேல் நர்ஸ் டீச்சரின் மதியச் சாப்பாட்டு மூட்டை. அந்த மூட்டைக்கு ஒரு முழம் தள்ளி, இப்போதுதான் வந்து இறங்கிய தீப்பெட்டிகள். அவர் கண்டுகொள்வதே இல்லை. பெட்டிகளைச் சீட்டுக்கட்டு அடுக்குவதுபோல் வகுப்பு வகுப்பாக அடுக்கிக்கொண்டே வாய்க்குள் பாட்டு முணுமுணுக்கிறார்.

இவர் ஆஸ்பத்திரி நர்ஸ் இல்லை. ஆசிரியர் அந்தஸ்து உள்ளவர். இந்தப் பதவிக்குப் பின்னால் ஒரு கண்நோய் இருக்கிறது. ட்ரக்கோமா என்ற கண்நோய் பள்ளிகளில் பரவிக் கிடந்தபோது, 1905-ல் கிஃபு மாகாணத்தில் பிள்ளைகளின் கண்ணைக் கழுவி மருந்துபோட நர்ஸ்களை வைத்தார்கள். வந்தவர்கள் கண்ணோடு நிற்கவில்லை, காதுச் சீழும் தலைப் பேனும் சிரங்கும் அவர்கள் தலையிலேயே விடிந்தன. 1941-ல் அவர்களை ஆசிரியர் வரிசையில் சேர்த்தார்கள், 1947-ல் 'யோகோ கியோயு' என்று புதுப் பெயர் வந்தது. வாயில் நுழையாவிட்டால் விடுங்கள், நாம் நர்ஸ் டீச்சர் என்றே சொல்வோம். பிள்ளைகளுக்கு எல்லாரும் போல இவரும் 'சென்செய்' தான்.

இன்று உடல் பரிசோதனை நாளும்கூட. வெள்ளை டவுசரோடு பையன்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஜூன் மழைக்காலத் தொடக்கம், புழுக்கம் தாங்கவில்லை. டீச்சரின் கழுத்தில் வியர்வை ஓடுகிறது, அதன் மேல் ஒரு சின்னத் துவாலை. உயரம், எடை, மார்புச் சுற்றளவு. அடுத்து ஒரு விசித்திரம்: உட்கார்ந்த உயரம்! முதுகை நிமிர்த்தி ஒரு பலகையில் உட்காரவைத்து, தலைக்கு மேல் கட்டையை இறக்கி அளக்கிறார்கள். இடுப்புக்கு மேலே நீளமாயிருந்தால் உள்ளுறுப்புகள் நன்றாக வளர்ந்திருக்கும் என்றொரு எண்ணத்தில் 1937-ல் தொடங்கியது. பையன்களுக்கு அதெல்லாம் தெரியாது. எண் பெரிதாய் வந்தால் கால் குட்டை என்று அர்த்தம், அவ்வளவுதான். கட்டை இறங்கும்போது ஒவ்வொருவனும் நைசாக இடுப்பைத் தளர்த்தி உடம்பைச் சுருக்குகிறான். டீச்சர் பென்சில் முனையால் முதுகில் ஒரு குத்து. "நிமிரு!" இந்த அளவை எடுத்து எடுத்து எண்பது வருஷம் போல ஓட்டிவிட்டு, 2015 கல்வியாண்டோடுதான் கைவிட்டார்கள். யாருக்குப் பயன்பட்டது என்று யாரும் கேட்காத ஒன்றை அளந்துகொண்டே இருப்பதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது போல.

கண் சோதனையில் நம்மூர் எழுத்துப் பலகை இல்லை. ஒருபுறம் வாய் திறந்த வளையங்கள். வாய் மேலேயா, கீழேயா, இடமா, வலமா என்று சொல்ல வேண்டும். ஒரு கண்ணை மூட அகப்பை மாதிரி ஒரு கருப்புக் கரண்டி. வரிசையில் பின்னால் நிற்பவன் கண்ணை மூடியே வாய்க்குள் "வலம், மேல், மேல், இடம்..." என்று மந்திரம் போல் உருப்போடுகிறான். டீச்சர் குச்சியை எடுத்துக் கடைசி வரியைப் பின்னாலிருந்து முன்னால் கேட்கிறார். போச்சு, மொத்த மனப்பாடமும் கவிழ்ந்தது. அவருக்கும் உதட்டோரம் சிரிப்பு, எத்தனை வருஷ அனுபவம்!

பல் டாக்டர் மூலையில் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஜூன் 4 'பூச்சிப்பல் நாள்' வருகிறதே, அதற்கான ஏற்பாடு. எப்படி இந்தத் தேதி என்று கேளுங்கள். ஜப்பானிய மொழியில் ஆறுக்கு 'மு', நான்குக்கு 'ஷி'. ஆறாம் மாதம் நான்காம் தேதி, 'முஷி'. முஷி என்றால் பூச்சி. சொத்தைப் பல்லுக்கு அவர்கள் சொல்வது 'முஷிபா', பூச்சிப்பல்! நம் ஊரிலும் "பல்லுல பூச்சி விழுந்திருக்கு" என்றுதானே சொல்கிறோம். இதைக் கேட்டதும் நான் கையைத் தட்டிவிட்டேன். பல் டாக்டர்கள் சங்கம் 1928-ல் இந்தச் சிலேடையை ஒரு நாளாகவே ஆக்கிவிட்டது. டாக்டர் வாய்க்குள் பார்த்தபடியே ராகம் இல்லாமல் எண்களை ஒப்பிக்கிறார், பக்கத்தில் ஒரு டீச்சர் குறித்துக்கொள்கிறார். டாக்டர் திடீரென்று நிறுத்துகிறார். "காலைல என்ன தின்ன?" "ஒண்ணுமில்லை." "பொய். பல் இடுக்குல கடற்பாசி இருக்கு." வரிசை முழுக்கக் கொல்லென்று சிரிப்பு.

மணி அடித்துவிட்டது, மதியச் சாப்பாடு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வெள்ளைத் தொப்பி, வெள்ளை மேலங்கி மாட்டிக்கொண்டு பாத்திரங்களைத் தூக்கி வருகிறார்கள். பரிமாறுவதும் பிள்ளைகள்தான், பிறகு பெருக்கித் துடைப்பதும் பிள்ளைகள்தான். குழாயடியில் கை கழுவ முட்டிமோதல். வலைப்பையில் கட்டித் தொங்கவிட்ட சோப்பை ஒருவன் ஊஞ்சல் ஆட்டுகிறான். போர் முடிந்து பசியில் துவண்டிருந்த பிள்ளைகளுக்கு வெளிநாட்டு நிவாரணப் பொருட்களை வைத்து 1946 டிசம்பர் 24-ல் டோக்கியோவில் ஒரு விழாவோடு தொடங்கியது இந்தச் சாப்பாடு. போன வருஷம், 1954-ல், சட்டமாகவே ஆகிவிட்டது. ரொட்டி ஒன்று, சாறு கொஞ்சம், அலுமினியக் கிண்ணத்தில் வெதுவெதுப்பாய்க் கரைத்த ஆடை நீக்கிய பால் பவுடர். அந்தப் பாலுக்கு இங்கே ரசிகர்கள் இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு. எதிரே உட்கார்ந்திருப்பவன் சரியாக அந்த நேரம் பார்த்து முகத்தைக் கோணிக் காட்டுகிறான். பால் மூக்கு வழியே வருகிறது. ரகளை.

சாறில் மிதக்கும் முட்டைக்கோஸைக் கவனித்தீர்களா? நம் தீப்பெட்டிக் கதையின் வில்லன் அதுதான். வெந்துவிட்டதால் இது சாது. பச்சையாய், உப்பில் ஊறிய ஊறுகாயாய் வந்தால்தான் வினை. ஜன்னல் வழியே அந்தத் தோட்டத்தைப் பாருங்கள். ஒருவர் தோளில் காவடிபோல் இரண்டு மர வாளிகள். அதில் இருப்பது நகரத்து வீடுகளின் கழிப்பறைச் சரக்கு. இந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாக அதுதான் முதல்தர உரம், காசு கொடுத்து வாங்கிய காலம் உண்டு. அதோடு வயிற்றுப் பூச்சியின் முட்டையும் வயலுக்கு வரும், வயலிலிருந்து கீரையோடு தட்டுக்கு வரும், தட்டிலிருந்து வயிற்றுக்கு, வயிற்றிலிருந்து மறுபடி வாளிக்கு. ஒரு பெண் நாக்குப்பூச்சி நாளொன்றுக்கு இரண்டு லட்சம் முட்டை போடும். 1949-ல் இந்த நாட்டில் பத்தில் ஆறு பேருக்கு மேல் வயிற்றில் நாக்குப்பூச்சி. ஆக்கிரமிப்புக்கு வந்த அமெரிக்கப் படை இதைப் பார்த்து மிரண்டுபோய், தங்கள் சாலட்டுக்கென்று டோக்கியோ பக்கத்தில் சோஃபு என்ற இடத்தில் மண்ணே இல்லாமல் நீரில் காய்கறி வளர்க்கும் பண்ணை போட்டுக்கொண்டது. ஊர்க்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்திருப்பார்கள்!

அமெரிக்கர்கள் என்றதும் இளைய டீச்சர் ஒருவர் பேச்சில் கலந்துகொள்கிறார். அவர் பள்ளிச் சிறுமியாய் இருந்த 1946-ல் பேன் கடியால் பரவும் டைஃபஸ் காய்ச்சல் 30,000 பேருக்கு மேற்பட்டவர்களைத் தாக்கியது. சிப்பாய்கள் பம்புத் துப்பாக்கியோடு வந்து தலையிலும் சட்டைக் கழுத்துக்குள்ளும் டி.டி.டி. பொடியைப் புஸ்ஸென்று அடித்தார்கள். "எல்லாரும் ஒரே நிமிஷத்துல பாட்டி ஆயிட்டோம்" என்று தலையைத் தட்டிக் காட்டுகிறார். டி.டி.டி.யைப் பற்றி நமக்குப் பின்னால் தெரிந்தது எதுவும் அவருக்கு இன்னும் தெரியாது. நாமும் சொல்ல வேண்டாம், சிரித்துக்கொண்டு இருக்கட்டும்.

சாயங்காலம் பெட்டிகளை வாங்க ஒரு ஆள் சைக்கிளில் வருகிறார். பின்னால் ஏறிக்கொள்ளுங்கள், ஆனால் மூட்டைக்குக் காற்றடிக்கும் பக்கம் மட்டும் வேண்டாம். நாம் போவது பூச்சித் தடுப்புச் சங்கம் ஒன்றின் சோதனைக்கூடம். அரசாங்கம் இல்லை, தனியார் சங்கம். 1940-களின் இறுதியில் சோஜிரோ குனீ என்பவர் டோக்கியோவில் ஆரம்பித்த வழி இது. பிள்ளைக்கு இவ்வளவு என்று சில்லறைக் கட்டணம் வாங்கி மோஷன் டெஸ்ட் செய்து தருவது. தலைக்குக் கொஞ்சம்தான், ஆனால் தலைகள் லட்சக்கணக்கில். இதே 1955-ல் அங்கங்கே இருந்த இத்தகைய சங்கங்கள் நாடு தழுவிய ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. பிற்காலத்தில் இந்தப் பூச்சி வேலையையே பிடிமானமாக வைத்து மற்ற நாடுகளுக்குக் குடும்பநலத் திட்டம் கொண்டுபோனவரும் அவர்தான். முதலில் பூச்சியை வெளியே எடுத்துக் காட்டினால் ஜனம் மற்றதையும் நம்பும் என்ற கணக்கு. நல்ல மூளை.

சோதனைக்கூடம் என்றதும் பளபளப்பாய் எதையோ எதிர்பார்த்தீர்களா? தாழ்ந்த கூரை, நீள மேஜை, பத்துப் பதினைந்து இளம்பெண்கள், ஆளுக்கொரு மைக்ராஸ்கோப். பக்கத்தில் தீப்பெட்டி மலை. வாசலுக்கு வந்ததுமே உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து அவர்கள் சிரித்துவிட்டார்கள். "பத்து நாள் ஆனா மூக்கு மரத்துப் போயிரும்" என்கிறாள் ஒருத்தி. அடுத்தவள் சொல்கிறாள், "மூக்கு மரத்துரும். ரயில்ல பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க மூக்கு மரக்காதே. எனக்கு எப்பவும் இடம் கிடைச்சிரும்."

பழைய முறையில் குச்சி முனையில் துளியூண்டு எடுத்துக் கரைத்துக் கண்ணாடிச் சில்லில் தடவிப் பார்க்க வேண்டும். துளி சிறிது, முட்டை தப்பிவிடும். போன வருஷம்தான் கட்டோ, மியுரா என்ற இருவர் ஒரு சுலப வழியை அறிவித்திருக்கிறார்கள். சின்னச் செலஃபன் தாளைக் கிளிசரினில் ஊறவைத்து, கொஞ்சம் பச்சைச் சாயம் சேர்த்து, அவரையளவு மலத்தின் மேல் போட்டு அழுத்திவிட்டுச் சும்மா விட்டால் போதும். மிட்டாய் சுற்றுகிற அதே தாள்தான்! ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் குப்பை எல்லாம் கண்ணாடிபோல் தெளிந்து முட்டைகள் மட்டும் நிற்கும். பச்சை நிறம் கண்ணுக்கும் இதம், நாள் முழுக்கப் பார்க்க வேண்டுமே. பின்னால் பிரேசில்காரர் கட்ஸ் இதைச் செப்பனிட, 'கட்டோ-கட்ஸ்' என்று உலகமெல்லாம் போய்விட்டது. நம் ஊர்ப் பூச்சிக் கணக்கெடுப்புகளிலும் அந்தப் பெயர் அடிபடும்.

குனிந்து பாருங்கள், இமை லென்ஸில் பட்டால் பரவாயில்லை. பலாக்காய் மாதிரி பழுப்பாய் முள்முள்ளாய்த் தெரிகிறதா? நாக்குப்பூச்சி முட்டை. இரண்டு பக்கமும் மூடி போட்ட குட்டி மிருதங்கம் சாட்டைப்புழு. தோல் மெலிசாய்க் கண்ணாடி முட்டைபோல் இருப்பது கொக்கிப்புழு. "இந்தப் பையன் ரொம்பப் பணக்காரன்" என்று ஒருத்தி கூவ, பக்கத்துப் பெண்கள் எட்டிப் பார்க்கிறார்கள். பெட்டியின் மேலே அதே கொக்குப் படம்! நம் செருப்பு மாடத்து வள்ளல். அடுத்த பெட்டி, அதற்கடுத்த பெட்டி... அவள் புருவம் உயர்கிறது. "மூணு பேரும் ஒரே வீட்டுல சாப்பிடுறாங்களா?" நாம் கூரையைப் பார்க்கிறோம்.

மூன்று வாரம் கழித்து மறுபடி பள்ளி. இப்போது சமையற்கட்டுப் பக்கம் போகலாம். இன்று அண்டாவில் கொதிப்பது சாப்பாடு இல்லை. தெற்குக் கடல்களிலிருந்து வரும் 'மகுரி' என்ற செம்பாசி. கருப்பாய், முடிக்கற்றை போல. வேப்பங்கொழுந்தை அரைத்துக் கொடுத்துப் பாட்டி நம் வாயைப் பொத்துவாளே, அதே பரம்பரை. 1953-ல்தான் இதில் பூச்சியை மயக்கும் சத்து எது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தார்கள். ஆனால் எத்தனையோ தலைமுறையாய் வீட்டு வைத்தியம். வாடை? கருவாட்டுக் கூடையை மழையில் நனையவிட்டு, மறுநாள் மூடியைத் திறந்தால் வருமே. சமையற்கார அம்மாள் துவாலையால் மூக்கைக் கட்டிக்கொண்டு நீளத் துடுப்பால் கிண்டுகிறார். கண்ணில் தண்ணீர், வாயில் வசவு.

பூச்சி உண்டு என்று சீட்டு வந்தவர்கள் கோப்பையோடு வரிசைக்கு வர வேண்டும். ஆச்சரியம் என்ன தெரியுமா? முன்வரிசையில் இரண்டு கைக்குட்டை வைத்திருந்தாளே, அந்தப் பெண்ணும் நிற்கிறாள். நகம் வெட்டி, காகிதம் மடித்து, தாள் நிறைய வட்டம் வாங்கியவள். ஜன்னலோரப் பையன், பெருக்கல் குறிக்காரன், வரிசையில் இல்லை. அவனுக்குச் சீட்டே வரவில்லை. கை இரண்டையும் டவுசர் பைக்குள் விட்டுக்கொண்டு, எல்லாரும் குடிப்பதைச் சாவகாசமாக வேடிக்கை பார்க்கிறான். அவன் மூஞ்சியில் இருக்கும் சந்தோஷத்தைப் பாருங்கள்!

கூடவே சாந்தோனின் என்றொரு மருந்து. மாசிபத்திரி இனத்துச் செடி ஒன்றிலிருந்து எடுப்பது. கியோத்தோவில் மிபு என்ற இடத்தில் பயிரானதால் அந்தச் செடிக்கு 'மிபு யொமோகி' என்று பெயர். இது உள்ளே போனால் சிலருக்கு உலகமே மஞ்சளாகிவிடும். மதியத்துக்கு மேல் வகுப்பில் ஒரே கூச்சல். "சென்செய், கரும்பலகை மஞ்சளா இருக்கு!" "உன் மூஞ்சியும் மஞ்சளா இருக்குடா!" பயப்பட வேண்டிய விஷயத்தைப் பிள்ளைகள் திருவிழாவாக்கிவிட்டார்கள். மருந்து குடிக்காதவனுக்குப் பொறாமை, தனக்கும் எல்லாம் மஞ்சளாய்த் தெரிவதாக ஒருவன் புளுகுகிறான்.

மறுநாள் காலை, நர்ஸ் டீச்சர் அறை. பெரிய நோட்டு, பென்சில். மருந்து குடித்தவர்கள் ஒவ்வொருவராய் வந்து எத்தனை பூச்சி விழுந்தது என்று சொல்ல வேண்டும். சாணுக்கு மேல் நீளமுள்ள ஜந்து, எண்ணத் தவறாது. டீச்சர் தலை நிமிராமல் கேட்கிறார், எல்லாரிடமும் ஒரே குரல், பஸ் கண்டக்டர் சில்லறை கேட்பதுபோல. அந்தக் குரலில் என்னவோ இருக்கிறது. வெட்கப்பட்டு வந்த பெண்ணும் "ரெண்டு" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் போகிறாள். பையன்களுக்கு இது மார்க் பட்டியல். "நான் அஞ்சு!" என்று ஒருவன் தாழ்வாரத்தில் அறிவித்துக்கொண்டே ஓடுகிறான்.

செருப்பு மாடத்து மூவரும் வருகிறார்கள். கொக்குப் பெட்டிக்காரன் முதலில்.

"நாலு, சென்செய்."

குறித்துக்கொண்டார். காலையில் வரவில்லை என்றானே, அவன் அடுத்து. முகம் உர்ரென்று இருக்கிறது.

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்லை." பாவம், அடுத்தவன் பூச்சிக்கு ஒரு கோப்பை மகுரி குடித்திருக்கிறான். கொக்குப் பெட்டிக்காரனை ஓரக்கண்ணால் எரிக்கிறான்.

டீச்சரின் பென்சில் நின்றுவிட்டது. சோதனைக்கூடத்துச் சீட்டை எடுத்து மூன்று பெயர்களுக்கு நேரே இருப்பதைப் பார்க்கிறார். மூன்றாமவனை நிமிர்ந்து பார்க்கிறார். எடுத்துவர மறந்தவன், இந்த யோசனையையே கிளப்பியவன். கால் மாற்றி நிற்கிறான்.

"உனக்கு?"

அவன் விரல்களை விரித்து ஒருதரம் எண்ணுகிறான். விரல் போதவில்லை.

"பதினொண்ணு."

அறையில் சத்தமே இல்லை. டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டு, 11 என்று எழுதி, அடியில் ஒரு கோடு போடுகிறார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, காலித் தீப்பெட்டிகள் மூன்றை எடுத்து, அவரே பெயர் எழுதி ஆளுக்கொன்றாய் நீட்டுகிறார்.

"நாளைக்குக் கொண்டு வாங்க. அவங்கவங்க சொந்தச் சரக்கு."